ஏதேனிலிருந்து அனுப்பும் முன்

தி. நகர்
திங்கட்கிழமை காலை

அன்புள்ள செல்லக்கனிக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? கடையில் நாளெல்லாம் நின்று சேலை விரிப்பதால் என் முட்டியும் உனக்குத் துணையாக வலிக்கிறது.

நேற்று சிந்தாதிரிப்பேட்டையில் லாரன்ஸ் வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஏதேன் தோட்டத்துப் பகுதியை வாசிக்க என்னை எழுப்பினார்கள். பத்தொன்பதாம் வசனத்தோடு நிறுத்த வேண்டும். கண்ணாடியை மறந்துவிட்டதால் பொடி எண்கள் தெரியாமல் வாசித்துக்கொண்டே போனேன்.

"இன்னாண்ணே, பிரேக் புடிக்கலியா?" என்றான் லாரன்ஸ். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தோட்டத்தை விட்டு வெளியே அனுப்பும் முன் கடவுளே அந்த முதல் தம்பதிக்கு உடை செய்து உடுத்திவிட்ட இடத்தை அப்போதுதான் வாசித்திருந்தேன். ஐம்பது வருஷமாக அந்தக் கதையில் எனக்குத் தெரிந்தது பாம்பும் பழமும்தான். கோபத்திலும் அவர் தகப்பனாகத்தான் இருந்திருக்கிறார்.

ஊருக்கெல்லாம் சேலை எடுத்துக் கொடுக்கிற நான், சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாள் என்று நம் மகள் பியூலாவைக் கட்டிய துணியோடு அனுப்பினேன்.

போனில் சொல்ல வராது என்றுதான் எழுதுகிறேன். இந்தப் பார்சலில் ஒரு பச்சைச் சேலை இருக்கிறது. நீயே கொண்டுபோய்க் கொடு. நிறம் பிடிக்காவிட்டால் மாற்றித் தருவேன், வேண்டாம் என்று மட்டும் திருப்பிவிட வேண்டாம் என்று சொல்.

கடை திறக்கப் போகிறார்கள்.

உன்
பொன்னுத்துரை