தோளில் மிஞ்சிய விரல்கள்

திருப்பூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் ஆதிபுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் அத்தாவும் நானும் மஹ்னூரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மனசுக்கு என்ன குறை என்பதைக் கீழே எழுதுகிறேன். ஜோர்டானில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று கேள்விப்பட்டேன், நீயும் சுகமாக இருந்து வேளைக்குத் தொழுது வேளைக்குச் சாப்பிடுவாய் என்று நம்புகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் தங்கைதான். என் கையெழுத்து உனக்குத் தெரியும், கோபத்தில் அது இன்னும் கோணிப்போகும். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் சரிம்மா, சரிம்மா என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது. அப்துல்லா மாமா வெள்ளிக்கிழமை அங்கே வேலைக்குத் திரும்புகிறார், அவர் பெட்டியில் ஊத்துக்குளி நெய்யும் பருப்புப்பொடியும் இந்தக் கடிதமும் வரும்.

அத்தாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, பள்ளிவாசலில் நாற்காலி போட்டுத் தொழுகிறார். மஹ்னூர் பிளஸ் ஒன் அரையாண்டுப் பரீட்சையில் தமிழில் முதலாவதாக வந்திருக்கிறாள், கணக்கைப் பற்றி எழுத மாட்டேன் என்கிறாள். லைப்ரரியில் இருந்து கொண்டுவரும் புத்தகத்தைச் சோறு வேகும்போதும் விரித்து வைத்துக்கொள்கிறாள், பாத்திரம் அடிப்பிடித்தால் கதையில் முக்கியமான இடம் என்கிறாள். (அண்ணா, ஒரே ஒரு நாள்தான் அடிப்பிடித்தது. மஹ்னூர்.) போன வாரம் பெய்த மழையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நம் பனியன் பிரிண்டிங் ஷெட்டின் தகரம் ஒழுகியது, நீயும் உன் சிநேகிதன் மோகன்ராஜும் சேர்ந்து அடித்த தகரம்தான். இப்போது அவனால் ஏறிச் சரிசெய்ய முடியாது. ஏன் முடியாது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஷெட்டில் இருந்து பனியன் பண்டில் பண்டிலாகச் செக்கிங்குக்கு வீட்டுக்கு வந்தது. பச்சையில் பாதி, ஆரஞ்சில் பாதி. ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ஒரு இளைஞன் முகமும் தோளும், பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் வருகிற மாதிரி, கீழே "நீ எந்தப் பக்கம்?" என்று எழுத்து. நானும் பக்கத்து வீட்டுக் கிருத்திகாவும் பார்த்துக்கொண்டே வந்தோம். பச்சைப் பனியனில் இருந்தவனின் தோளில் நாலு விரல் இருந்தது. விரல் மட்டும். கையும் இல்லை, கைக்கு உரிய ஆளும் இல்லை. கிருத்திகா, யாருதுங்கக்கா இது, பேயோடதா என்று சிரித்தாள். நான் பிரிண்ட் மிஸ்டேக் என்று நினைத்து, கறை இருந்தால் ஒட்டுகிற மாதிரி அந்த விரல் பக்கத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டினேன். அடுத்த பீஸிலும் விரல், அதற்கும் ஒட்டினேன். பச்சைப் பண்டில் முழுக்க அம்புக்குறி. சாயங்காலம் மோகன்ராஜ் வந்து பார்த்துவிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டிக்கராக உரித்தான். ஏன் கண்ணு, விரல் தெரியுதே என்றேன். டிசைனே அப்படித்தானுங்கம்மா, வுடுங்க என்றான். முகத்தை நிமிர்த்தவே இல்லை.

பச்சையிலும் ஆரஞ்சிலும் இருந்த அந்த இரண்டு இளைஞர்கள் யார் என்று மஹ்னூர்தான் கண்டுபிடித்தாள். நீயும் மோகன்ராஜும் பிளஸ் டூ படிக்கும்போது லேப்டாப்பில் போட்டுப் போட்டுப் பார்ப்பீர்களே, உள்நாட்டுச் சண்டையில் இரண்டாகிப் போகிற சிநேகிதர்களின் படம், அதில் வருகிறவர்களாம். போஸ்டரில் ஒரே கோட்டுச் சட்டையை இரண்டு பேரும் போர்த்திக்கொண்டு ஒருவன் தோளில் ஒருவன் கைபோட்டு நிற்பார்களாமே. அதை நடுவில் வெட்டி ஒருவனைப் பச்சையிலும் ஒருவனை ஆரஞ்சிலும் போட்டிருக்கிறார்கள் என்றாள். எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை, பனியன் தொழிலில் எதை எதையோ நெஞ்சில் அடிக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

நம் காலனிப் பையன்கள் ஒரே டீமாக கிரிக்கெட் ஆடியவர்கள் என்பது உனக்குத் தெரியும். போன வருடம் யார் கேப்டன் என்பதில் முட்டிக்கொண்டு, மெயின் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு டீம், அந்தப் பக்கம் ஒரு டீம் என்று ஆனார்கள். அதுவரை சும்மா முறைப்புத்தான். இந்தப் பனியனுக்கு ஆர்டர் கொடுத்த காதர்பேட்டைக் கடைக்கார ஆறுமுகசாமி அதைக் கொண்டுவந்து ரோட்டின் ஒரு ஓரத்தில் பச்சையும் மறு ஓரத்தில் ஆரஞ்சுமாகத் தொங்கவிட்டார். அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே. பச்சை போட்டவன் ஆரஞ்சுக் கடையில் டீ குடிக்க மாட்டான். நடக்கத் தெரியாத குழந்தைக்குக்கூட வாங்கிப் போட்டு, எந்தப் பக்கம் சொல்லு சாமி என்று கேட்டு வீடியோ எடுத்தார்கள், அந்தக் குழந்தை எச்சில் வடித்துக்கொண்டு முழித்தது. ஒடிசாவில் இருந்து வந்து வேலை பார்க்கும் இரண்டு பையன்கள் குறை என்று கழித்துப் போட்ட செகண்ட்ஸில் கிடைத்ததை வாங்கி ஒருவன் பச்சையும் ஒருவன் ஆரஞ்சும் போட்டுக்கொண்டு, ஒரே டிபன் கேரியரை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போனதை மஹ்னூர் பஸ்ஸில் இருந்து பார்த்தாளாம். அவர்களையும் ஒரு கூட்டம் நிறுத்தி, ஒரே கலர் போடுங்கடா என்று மிரட்டியதாம். எனக்கு வாயில் கசப்பு ஊறியது. ஆனாலும் இது ஆறுமுகசாமியின் புத்தி என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் மில்லுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் ஃபைனல் மேட்ச். ஏதோ ஒரு அவுட், அவுட்டா இல்லையா என்று ஆரம்பித்து ஸ்டம்பைப் பிடுங்கிவிட்டார்கள். மோகன்ராஜ் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுவில் போனான். அவன் பச்சையும் போடவில்லை, ஆரஞ்சும் போடவில்லை, வெள்ளைச் சட்டை. அதனால் இரண்டு பக்கமும் அவனை மற்றவன் ஆள் என்று நினைத்தது. வலது மணிக்கட்டில் ஸ்டம்பு இறங்கியது, எலும்பு இரண்டு இடத்தில் விட்டுவிட்டது. அடித்தவன் யார் தெரியுமா, மோகன்ராஜே பேட் பிடிக்கக் கற்றுக்கொடுத்து வளர்த்த ரித்தீஷ். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். தண்ணீர் கொடுக்க ஒரு கை காலியாக இல்லை. சீ என்று வந்தது எனக்கு. உன்னிடம் போனில் சொன்னபோது நீ, அச்சச்சோ, அவன் எதுக்கும்மா நடுவுல போனான் என்றாய். உனக்கு நினைவிருக்கிறதா.

ஆஸ்பத்திரிக்குப் போய் மோகன்ராஜைப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்திருந்தான். பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. நீயாவது அந்தக் கடைக்காரருக்கு முடியாது என்று சொல்லியிருக்கக் கூடாதா, உனக்குப் பிடித்த படத்தை நீயே வெட்டினாயே கண்ணு என்று கேட்டுவிட்டேன். அவன், ஆமாங்கம்மா, தப்புத்தானுங்க என்று சுவரைப் பார்த்தான். அவன் மனைவி பிரிசில்லா சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள், அவளால் பொறுக்க முடியவில்லை. இவரு சொல்ல மாட்டாருங்க, நான் சொல்றேனுங்க, வெட்டினது இவரு இல்லீங்க, ஆதிப் அண்ணன் அங்கிருந்து வெட்டித்தானுங்க அனுப்புனாரு, ஒரே படமாப் போடலாம்டான்னு இவரு ரெண்டு நாள் மல்லுக்கட்டுனாருங்க, ஒரு சட்டையில ரெண்டு பேரும் இருந்தா ஊட்டுக்கு ஒரு சட்டை விக்கும், ஆளுக்கொரு சட்டையில இருந்தா ஊரே வாங்கும்னு அண்ணன் சொன்னாருங்க என்றாள். மோகன்ராஜ், பிரிசி, போதும் என்றான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பிள்ளை செய்ததற்கு அந்தப் பிள்ளை இரண்டு மாதமாகத் தன் பெயரைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் போடு என்று மஹ்னூரிடம் சொன்னேன். நான் துப்பாக்கிப் படம் பார்ப்பவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தாவும் நானும் உட்கார்ந்தோம், கீழே ஓடும் இங்கிலீஷ் வரிகளை இவள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். முதலில் நன்றாகத்தான் இருந்தது. படகுக்காரர் மகனும் வாத்தியார் மகனும், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கோட்டு, ஒரு பீடி. வாத்தியார் மகனுக்குக் காய்ச்சல் என்று மருந்து வாங்க மற்றவன் அக்கரைக்குப் போகிறான், அன்றைக்குத்தான் பாலத்தை மூடுகிறார்கள். அவ்வளவுதான், அந்தக் கரையில் நின்றதால் அவன் அந்தக் கட்சி. கொள்கையும் இல்லை, கோபமும் இல்லை. கடைசியில் பனியில் காவல் நிற்கிறவன் வாத்தியார் மகன், ஆற்றில் இறங்கி வருகிறவன் படகுக்காரர் மகன். வாத்தியார் மகன் வானத்தைப் பார்த்துச் சுடுகிறான், பக்கத்தில் காவல் நிற்கிற இன்னொருவன் குறி தப்பாமல் சுட்டுவிடுகிறான். அப்போது கீழே ஒரு வரி வந்தது, மஹ்னூர் படிக்கவில்லை. என்ன என்று கேட்டேன். ஒண்ணுமில்லம்மா, பேரைச் சொல்லிக் கூப்பிடறான், அவ்வளவுதான் என்றாள். அப்புறம் வாத்தியார் மகன் சிநேகிதனின் உடம்பைப் படகில் தூக்கிப் போட்டுக்கொண்டு துடுப்புப் போடுகிறான், இந்தக் கரையிலும் இறங்க விடவில்லை, அந்தக் கரையிலும் இறங்க விடவில்லை. படம் அங்கேயே முடிந்துபோனது. அத்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து தொழுகைக்கு ஒளு செய்யப் போய்விட்டார். (அண்ணா, அந்தப் படகு எங்கேதான் போயிருக்கும் என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி மொட்டை மாடியில் விடியும்வரை பேசுவீர்கள் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. மஹ்னூர்.)

ஆதிப், இப்போது நான் சொல்வதைக் கேள். ஆறுமுகசாமி அந்தப் படத்தைப் பார்த்ததில்லை, அவருக்கு அது ஒரு மூஞ்சி. பனியன் போட்ட பையன்களுக்கும் தெரியாது. தெரிந்தவன் நீ. அழுதுகொண்டே பார்த்தவன் நீ. அந்தப் படத்தில் எது வலிக்கும் என்று உனக்குத் தெரிந்த அதே இடத்தில் கத்தியை வைத்திருக்கிறாய். அந்த விரலையாவது அழித்திருக்கலாம், அதற்குக்கூட உனக்குப் பொறுமை இல்லை. என் வயிற்றில் பிறந்தவனை நினைத்து எனக்கு அருவருப்பு வந்தது என்று எழுதச் சொன்னேன், இவள் வேறு சொல் போடலாமா என்று கேட்டாள். வேண்டாம், அதுவே இருக்கட்டும்.

இது முடிந்துபோன கதை என்றால் கோபத்தை விழுங்கியிருப்பேன். மறுபடியும் இரண்டு படம் அனுப்பியிருக்கிறாய். பல்லடம் பக்கம் யார் முதலில் தேர்வடம் பிடிப்பது என்று ஏற்கெனவே முறைத்துக்கொண்டிருக்கும் இரண்டு ஊருக்கு, பெரிய ஆர்டராம். நேற்று அத்தாவும் நானும் காதர்பேட்டைக்குப் போய் ஆறுமுகசாமியிடம், இது எங்கள் ஷெட்டில் ஓடாது என்று சொன்னோம். ஏனுங்கம்மா, தம்பி ஓகே சொல்லீட்டாருங்களே என்றார். தம்பி சொன்னது தப்புங்க என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, சண்டை அவங்க போடறாங்க, சட்டைதானுங்க நாம போடறது, நீங்க டீ சாப்பிடுங்க என்றார். டீ குடிக்காமல் வந்தோம். வந்ததும் அத்தா ஷெட்டைத் திறந்து அந்த இரண்டு படத்தையும் ஏற்றி வைத்திருந்த ஸ்கிரீன்களைத் தொட்டியில் சாய்த்துப் படத்தை அழிக்கிற மருந்தை ஊற்றினார். சத்தம் கேட்டு மோகன்ராஜ் வந்தான். தடுப்பான் என்று நினைத்தேன், இடது கையால் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டான். நெஞ்சில் அடிக்க இருந்த இரண்டு முகமும் சாக்கடையில் போனது. ஆனால் அதில் என்ன இருக்கிறது, நீ அங்கே ஒரு பட்டனைத் தட்டினால் வேறு ஷெட்டில் நாளைக்கே புது ஸ்கிரீன் ரெடியாகிவிடும். கழுவ வேண்டியது எங்கள் கையில் இருந்தது, கழுவிவிட்டோம். மிச்சம் உன் வாயில் இருக்கிறது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் ஆறுமுகசாமி உன்னைக் கூப்பிட்டிருப்பார். உன் அம்மா தொழிலைக் கெடுத்துவிட்டாள் என்பார். என் மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படு, தாங்கிக்கொள்வேன். அவரிடம் முடியாது என்று சொல், சொன்னதை எனக்குச் சொல்ல வேண்டாம், மோகன்ராஜிடம் சொல். மெசேஜ் போடாதே, குரலில் சொல். அவன் உன்னிடம் எதையும் கேட்க மாட்டான், கேட்காமல் இருக்கிறான் என்பதை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. ஷெட்டில் இருந்து அவன் விலகிப்போவது பற்றிப் பிரிசில்லா பேசுகிறாள், அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நெய்யை ஃபிரிட்ஜில் வைக்காதே, கெட்டியாகிவிட்டது என்று தூக்கிப் போடுவாய். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஐந்து நேரமும் உனக்காகக் கையேந்துகிறேன், இந்த வாரம் ஏந்தும்போது என்ன கேட்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், ஆனாலும் கையை இறக்கவில்லை. அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தையும், வெட்கப்படத் தெரிந்த மனசையும், சம்பாதித்ததைத் தலைநிமிர்ந்து சாப்பிடுகிற பாக்கியத்தையும் கொடுக்கட்டும்.

உன்னை வெறுக்கத் தெரியாத,
அம்மா நசீமா.

அண்ணா, அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார், இது நான். மோகன்ராஜ் அண்ணன் போனை இன்னும் பழையபடி பேண்ட்டின் வலது பையில்தான் வைக்கிறார், இடது கையால் எடுப்பதற்கு நேரமாகிறது. நீ கூப்பிடும்போது ரிங் நிற்கும்வரை காத்திரு. எடுக்கவில்லை என்று வைத்துவிடாதே.