உன் பேருக்கு மேலே இருக்கும் கட்டம்

அன்புள்ள டென்சிலுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், பெர்த்தில் நீயும் எலைனும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, பேக்கரிப் பக்கம் போவது மட்டும் நிற்கவில்லை. போனில் பேசினால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார், அதனால்தான் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது லேப்டாப்பில் குடும்ப மரம் சாப்ட்வேர் போட்டுக் கொடுத்து, மீதிப் பேரையெல்லாம் நீங்களே சேருங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போனாய் அல்லவா. முதலில் தொடவே பயம், எதையாவது அமுக்கி எல்லாம் போய்விடுமோ என்று. ராபர்ட்சன்பேட்டை கம்ப்யூட்டர் சென்டரில் நாகேஷிடம் ஆறு சனிக்கிழமை போய் உட்கார்ந்தேன். இப்போது ஆளைச் சேர்ப்பேன், போட்டோ ஏற்றுவேன், தப்பாகப் போட்டதை அழிப்பேன், நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் இறங்கிய உன் கொள்ளுத்தாத்தா வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். ஆன்ட்டி, நீங்களே கிளாஸ் எடுக்கலாம் என்கிறார் நாகேஷ்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் பேருக்கு மேலே தாய் என்று ஈவ்லினைத்தான் போட்டிருக்கிறாய். பெற்றவள், நியாயம்தான். நான் அப்பாவுக்கு இந்தப் பக்கம் இரண்டாவது மனைவி என்று ஒரு கட்டத்தில் இருக்கிறேன், என்னிடமிருந்து உனக்கு ஒரு கோடுகூட இல்லை. போட்டோவில் அவளுக்கு இருபத்துநாலு வயசு, தலை நிறையக் கனகாம்பரம். எனக்குப் போட்டிருப்பது ரேஷன் கார்டுப் படம். பொறாமைதான்டா, வேறென்ன. ஒரு வயசில் உன்னை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள், மூன்று வயசிலிருந்து உன் மூக்கைத் துடைத்தது நான். நீ பெங்களூர் காலேஜுக்குத் தினமும் ரயிலில் போய்வந்த மூன்று வருஷமும் கோரமண்டல் ஸ்டேஷனுக்கு டிபன் பாக்ஸோடு பின்னாலேயே ஓடிவந்தது நான். அந்த ஆத்திரத்தில் போன செவ்வாய்க்கிழமை ஈவ்லினை அழித்துவிட்டேன். உடனே உன் பேருக்கு மேலே, தாய் தெரியவில்லை என்று வந்தது. அந்த இடத்தில் என் பேரைப் போட்டேன். கல்யாணம் 1993, பிள்ளை பிறந்தது 1990, சரிபாருங்கள் என்று சிவப்பு எழுத்தில் காட்டியது. வருஷத்தை மாற்றினால் முடிந்தது, மாற்றத் தெரியாதவளா நான். கோயில் கல்யாண ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்ட கை இது, முடியவில்லை. என் பேரை எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அப்பா காபி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாமே இது, புள்ளைக்குத் தாயே இல்லாத மாதிரி கீது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் சுருக்கென்று பட்டது.

ஈவ்லினைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். பிறந்த தேதி, இறந்த தேதி, அவள் அப்பா பேர், எதையும் யாரிடமும் கேட்கவில்லை. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அவள் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, எழுத்துக்குக் கறுப்புப் பெயின்ட் பூசுவது நான்தானே. போட்டோவையும் ஏற்றினேன், கனகாம்பரத்தோடு.

குழந்தைக்கு என் முத்தம். ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. ஞானஸ்நானப் போட்டோ அனுப்ப மறந்துவிடாதே, அதையும் ஏற்ற வேண்டும். இதெல்லாம் எழுதினேன் என்று அப்பாவிடம் சொல்லாதே. இன்னொன்று, ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய் காட்டலாமாம், வளர்த்த தாய் என்று தனிக் கோடு இருக்கிறது, இரண்டு தட்டு தட்டினால் வந்துவிடும். நான் போடவில்லை. தெரியாமல் இல்லை டென்சில், அதை நீ போட வேண்டும்.

உன் அம்மா,
ஞானசுந்தரி