தண்ணீர் வராத குழாயும் சோப்புப் பாடமும்

என் வாயாடித் தங்கை வசந்திக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். யாழினி பதினோராம் வகுப்புக்கு வந்துவிட்டாள். உன்னைவிட உயரமாகிவிட்டாள். அவள் அப்பாவுக்கு ஓசூரில் வேலை என்பதால், நீ போனதிலிருந்து உழவர்கரையில் என்னோடுதான் இருக்கிறாள். தலை பின்னிக்கொள்ளத்தான் இன்னும் சோம்பல். இரண்டாவது செய்தியை எப்படிச் சொல்வது என்று நாலைந்து நாளாக யோசித்துவிட்டேன். உன் மையத்தைப் பற்றியது அது. ஆத்திரம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன், அடங்கவில்லை. ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே இன்டர்ன்ஷிப் உண்டு, தெரியுமா? இரண்டு வாரம் ஏதாவது தொண்டு அமைப்பில் வேலை செய்து, படமும் வீடியோவும் காட்டி, சான்றிதழ் வாங்கிக்கொண்டு வர வேண்டும். எங்கே போவது என்று மற்ற பிள்ளைகள் தேடிக்கொண்டிருக்க, உன் மகள் தேடவே இல்லை. "அம்மா சென்டருக்குப் போறேன் பெரிம்மா" என்றாள். முத்தியால்பேட்டையில், வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகளுக்காக நீ ஆரம்பித்த அந்த மாலை நேரக் கூடத்துக்கு.

சேவை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வரும், அது உனக்குத் தெரியும். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவளுக்குப் பளிச்சென்று இருக்கிற தண்ணீர்மேல்தான் முதல் சந்தேகம். ஆனால் உன் கூடத்தின்மேல் எனக்கு அது வந்ததே இல்லை. அங்கே யார் உள்ளே வந்தாலும், கலெக்டரே வந்தாலும், முதலில் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளிடம் "இன்னிக்கு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்க வேண்டும். ஒருத்திக்கு அறிவியல் பாடம், ஒருவனுக்குச் சட்டைக்குப் பொத்தான். இன்னொருவனுக்கு ஒன்றும் வேண்டாம், மூலையில் படுத்துத் தூங்க வேண்டும். தூங்க விடுவாய். "வர்றவங்களுக்கு என்ன குடுக்கத் தோணுதோ அது எனக்கு எதுக்குக்கா?" என்பாய்.

முதல் நாள் யாழினி வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"பெரிம்மா, உள்ள போனதுமே ஒரு பொடியன் ஓடியாந்து, 'யக்கா, இன்னிக்கி யாரு தப்பு சொல்றது?'ன்னு கேக்கறான்."

"என்ன தப்பு?"

"எனக்கும் புரியல. அப்புறம் அவனே சொல்றான். 'கைய எப்ப கழுவணும்னு நீங்க கேப்பீங்கல்ல? போன தடவ நான்தான் தெரியாதுன்னேன். இந்த வாட்டி இவன் தெரியாதுன்னு சொல்லட்டும். நான் கடைசில கரெக்டா சொல்றேன்.'"

சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பித்தாள். முடிக்கும்போது சிரிப்பில்லை. எனக்கும்தான். புரிகிறதா வசந்தி? ஒரு பள்ளிக்கூடம் மாற்றி ஒரு பள்ளிக்கூடமாக இன்டர்ன்கள் வருகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் கை கழுவவே சொல்லித் தருகிறார்கள். அது சுலபம், வீடியோவுக்கும் நன்றாக இருக்கும். பிள்ளைகள் தெரியாத மாதிரி முழிக்க வேண்டும், பிறகு தெரிந்துகொண்ட மாதிரி முகம் மலர வேண்டும். ஒழுங்காக முழித்தால் கடைசியில் ஆளுக்கொரு பஃப்ஸ். உன் பிள்ளைகளுக்கு நடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அதுவும் எந்த வேடம்? ஒன்றும் தெரியாதவர்களின் வேடம்.

பர்வீன் உனக்கு நினைவிருக்கும். நீ இருந்தபோது உன் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடம் முழுக்க நடப்பாளே, அவள்தான். இப்போது எட்டாம் வகுப்பு. அவள் அப்பா தையல்காரர். வீடு ஒரே அறை. சாயங்காலமானால் ஒரு பக்கம் தையல் மெஷின், ஒரு பக்கம் அடுப்பு, நடுவில் கைக்குழந்தை. படிக்க அவளுக்கு இருக்கிற ஒரே இடம் உன் கூடம். அவள் யாழினியிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அக்கா, அல்ஜிப்ரா மட்டும் சொல்லித் தர்றீங்களா? கிளாஸ்ல கேட்டா திட்டறாங்க." அன்றைய அட்டவணையில் அல்ஜிப்ரா இல்லை. கை கழுவுதல்தான் இருந்தது.

வீடியோ எடுத்த அன்று பர்வீன் முறை. கையில் எழுதிக் கொடுத்திருந்த கேள்வியை யாழினி கேட்டிருக்கிறாள்: "சோப்பு போடறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?" பர்வீன் தெரியாது என்று சொல்ல வேண்டும். அவள் சொன்னது: "குழாய்ல தண்ணி வரணும்கா."

கூடமே சிரித்திருக்கிறது. காரணம், பின்கட்டுக் குழாயில் தண்ணீர் வந்து மாதக்கணக்காகிறது. பாடத்துக்கு வேண்டிய தண்ணீரைப் பக்கத்து டீக்கடையிலிருந்து பக்கெட்டில் கொண்டுவந்து வைத்துத்தான் படம் பிடிக்கிறார்கள். உனக்குப் பிறகு வந்த செயலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. பர்வீனின் அம்மாவை வரவழைத்து, மகள் யாழினியிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால்தான் இனிமேல் உள்ளே விடுவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். யாரிடம் மன்னிப்பு? உன் மகளிடம்!

மறுநாள் நானும் போனேன். செயலாளர் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் தலைக்குமேல் சுவரில் நீ, கழுத்தில் பிளாஸ்டிக் மாலை.

"நீங்க எதுக்கு மேடம் இவ்ளோ தூரம்? சின்ன டிசிப்ளின் விஷயம்."

"தண்ணி வரலன்னு சொன்னது டிசிப்ளின் விஷயமா?"

"மோட்டார் காயில் போயிடுச்சு மேடம். ஆளு சொல்லியிருக்கோம்."

"எப்ப சொன்னீங்க?"

"சொல்லியிருக்கோம்" என்றார் மறுபடியும். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஸ்கூல்லேர்ந்து வர்ற பசங்களுக்கு ஈசியா ஏதாச்சும் குடுத்தாதானே அடுத்த வருஷமும் அனுப்புவாங்க? நல்ல மனசோட வர்றாங்க. அவங்க மனசு கஷ்டப்படக் கூடாது பாருங்க."

"இங்க வர்ற பசங்களுக்கு?"

"அவங்களுக்குத்தான் ஸ்நாக்ஸ் குடுக்கறோமே!"

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. எழுந்து கூடத்துக்கு வந்துவிட்டேன். இன்னும் வாய் திறந்தால் கத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது. நீயாக இருந்தால் அங்கேயே ரெண்டில் ஒன்று பார்த்திருப்பாய்.

கூடத்தில் யாழினியின் பள்ளியிலிருந்து ஒரு ஆசிரியை வந்து உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள். பர்வீனின் அம்மா கைக்குழந்தையோடு வாசலிலேயே நின்றார். "கேட்டுடு பாப்பா, கேட்டுட்டு உள்ள போய் உக்காரு" என்று மெதுவாகச் சொன்னார். பர்வீன் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு "சாரி…" என்று ஆரம்பித்தாள்.

"இரு" என்றாள் யாழினி. நேரே பின்கட்டுக்குப் போனாள். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டுக் குழாயைத் திருகினாள். ஒரு இருமல் சத்தம் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

"இவ சொன்னது சரியான பதில் சார். தப்பான கேள்வி கேட்டது நான்தான்." பிறகு பர்வீனைப் பார்த்து, "நான்தான்டி சாரி" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "சொல்லுங்க, இன்னிக்கு உங்களுக்கு என்ன வேணும்?"

யார் சொல்லிக்கொடுத்தது வசந்தி? நான் இல்லை. நீ கேட்கும்போது இவள் எங்கே உட்கார்ந்திருந்தாள்? பிள்ளைகள் செயலாளரின் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கேட்டால் வாய் ஓயாமல் சொல்லுகிற பிள்ளைகள், இப்போது எது சொன்னால் சரியாக இருக்கும் என்று பெரியவர்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். கடைசியில் அந்தப் பொடியன்தான் கேட்டான்: "யக்கா, அப்ப பஃப்ஸு?"

ஆசிரியைகூடச் சிரித்துவிட்டார். செயலாளர் சிரிக்கவில்லை. யாழினியை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். பர்வீனைப் பற்றிக் கமிட்டி முடிவு செய்யுமாம். அல்ஜிப்ரா படிக்க ஒரு பெண் உள்ளே வரலாமா கூடாதா என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி.

இதை உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் மையத்தை நடத்துகிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோருக்கும் தெரிய எழுதுகிறேன். நல்ல மனசோடு பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோரும் படிக்கட்டும். உங்கள் பிள்ளை சொல்லிக்கொடுத்ததாக வீடியோவில் பெருமையாகப் பார்த்தீர்களே, அதில் தெரியாது என்று சொன்ன பிள்ளைக்கு அது முன்பே தெரியும்.

இப்போதைக்குப் பர்வீன் தினமும் சாயங்காலம் இங்கே வருகிறாள். பள்ளி விட்டதும் யாழினி முத்தியால்பேட்டைக்குப் போய் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வருகிறாள். நான் அல்ஜிப்ரா சொல்லித் தருகிறேன். இருட்டினால் நானே ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுகிறேன். ஆனால் இது தீர்வு இல்லை. அவளுக்கு ஒரு கூடம் இருக்கிறது, அது உழவர்கரையில் இல்லை. மற்ற பிள்ளைகள் இன்னும் அங்கேதான் முழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கமிட்டியில் சேரச் சொல்லி நீ எத்தனை முறை கேட்டாய்! கூட்டம், மினிட்ஸ், டீ, பிஸ்கட், எனக்கு வேண்டாம் என்பேன். இந்த முறை நானே பெயர் கொடுத்துவிட்டேன். நிறுவனரின் அக்காவை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தை நான் கூசாமல் பயன்படுத்திக்கொள்வேன்.

பர்வீன் மன்னிப்புக் கேட்காமல் அந்த வாசலில் நுழைவாள். அந்தக் குழாயில் தண்ணீர் வரும்வரை அந்தக் கூடத்தில் ஒருவரும் கை கழுவக் கற்றுக்கொடுக்க மாட்டார்கள். வந்தபிறகு, பிள்ளைகள் விளையாடிவிட்டு வந்து, யாரும் சொல்லாமல் தாங்களாகவே கழுவிக்கொள்வார்கள். அதை யாரும் படம் பிடிக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மகளைத் தன் மகளாக வைத்திருக்கும்,
உன் அக்கா,
கோமதி
உழவர்கரை, புதுச்சேரி