புதன்கிழமை என் முறை

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. பிள்ளைகள் பரீட்சையை முடித்துவிட்டார்கள். கடையிலும் வேலைக்குக் குறைவில்லை. மழைக்காலத்தில் டயர்க் கடைக்காரனுக்கு என்ன குறை. நான்தான் சரியில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, வெட்கம்.

போன வருஷம் நீ வந்திருந்தபோது சாப்பாட்டு மேஜையில் நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கும். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் நகராட்சி வண்டியை நிறுத்தச் சொல்லி நான் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் நீ கொடுத்த 'வக்கீல்' பட்டத்தைக் காப்பாற்ற வேண்டாமா? அரசாங்கம் மனுஷனை அவன்பாட்டுக்கு விட்டாலே போதும், மிரட்டி வரி பிடுங்கிச் செய்கிற தர்மம் தர்மமே இல்லை, ஆண்டவர் யார் கையையாவது முறுக்கி நல்லது செய்ய வைத்தாரா என்று கேட்டேன். சபை இருக்கிறது, மனசார நாங்களே செய்வோம் என்றேன். நீ தட்டைக் கழுவிக்கொண்டே, "அன்பு கட்டாயத்துல வராதுதான்டா வக்கீலு. ஆனா வண்டி ஆறு மணிக்கு வரணும்ல?" என்றாய். நான் சிரித்தேன்.

நான் கேட்டபடியே வண்டி நின்றது. நம் சபைக் கோயில் வாசலில் ஓர் அட்டவணை மாட்டினோம். முதல் பெயர் என்னுடையது, கொட்டை எழுத்தில்: புதன்கிழமை, தையல்காரம்மா. பாடகர் குழுவுக்கு அங்கி தைப்பாரே, அவர்தான். சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொள்ளப் போகிறவர். முதலில் ஆளாளுக்குப் போட்டி போட்டுப் பெயர் எழுதினார்கள். நாலு மாதத்தில் பாதிக் கட்டங்கள் காலி. நான் ஒரு புதன்கூடத் தவறியதில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு வாரத்துக்கு முன் புதன்கிழமை நல்ல மழை. அலாரம் அடித்தது, அணைத்தேன். யாராவது கூட்டிப்போவார்கள் என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். இதற்கு மேல் காரணம் இல்லை அக்கா, எவ்வளவு யோசித்தும் கிடைக்கவில்லை. அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் ஒன்பது மணி வரை உட்கார்ந்திருக்கிறார். என்னைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று போன்கூடப் போடவில்லை. மறுநாள் மூச்சுத் திணறி, தீவிர சிகிச்சையில் சேர்த்தார்கள்.

பார்க்கப் போனேன். வாயைத் திறந்ததும் என்ன வந்தது தெரியுமா? வண்டி பஞ்சர் என்றேன். டயர்க் கடை வைத்திருக்கிறவன்! அவர் அதையும் நம்பி, மூச்சு வாங்க வாங்க, "ஐயோ, மழையில நனைஞ்சுக்கிட்டேவா மாத்துனீங்க?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

நேற்றுத்தான் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், புதன்கிழமைக்கு யார் வருவார்கள் என்று மட்டும் கேட்டார். நான் வருகிறேன் என்றேன். அவர் மறுபடியும் அதையே கேட்டார்.

திங்கட்கிழமை நகராட்சிக் கூட்டத்தில் வண்டியைத் திரும்பக் கேட்கப் போகிறேன். கையெழுத்துப் போட்டவர்கள் என்னைக் கட்சி மாறியவன் என்பார்கள். கட்டாயத்தில் செய்வது அன்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். படியில் உட்கார்ந்திருந்தவரிடம் அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? உன் விசுவாசமும் உன் அரசியலும் ஒத்துப்போகுமா என்று அன்றைக்குக் கேட்டாயே, போர்வைக்குள் நன்றாகவே ஒத்துப்போகின்றன.

வண்டி திரும்பி வர மாதங்கள் ஆகும். அதுவரை புதன்தோறும் எங்கள் ஊர் நேரப்படி காலை ஐந்து மணிக்கு எனக்கு போன் போடு. எடுக்காவிட்டால் எடுக்கிறவரை அடி. திட்டு. மனசார எழுந்திருப்பேனா என்று தெரியவில்லை, எழுப்பிவிடு. ஜெபத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். இனிமேல் என்னை வக்கீல் என்று கூப்பிடாதே.

உன் தம்பி