கரும்பு மெஷினின் சலங்கை நின்ற சாயங்காலம்

அன்புள்ள ரூபினிக்கு அம்மா எழுதுவது. அன்றைக்குப் பூங்கா வாசலில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு எவரும் மாற்றிச் சொல்லக் கூடாது. கரும்பு ஜூஸ் நரேஷ், பூக்கார லட்சுமம்மா, கடலை வறுக்கும் சில்வெஸ்டர், உன் மாமனார், சத்தம் அளக்கிற மெஷின் கொண்டு வந்த ஷில்பா என்ற பெண், நான். கடைசியாக வந்தவர் உன் அப்பா. நாங்கள் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் மஸ்கட்டில் நோய்நொடி இல்லாமல் இருந்தால் போதும். போனில் சொல்லலாம்தான், நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமைப்பாய், மாப்பிள்ளை காதில் விழும், அதனால்தான் அங்கே வருகிற ஆஞ்சலா மகன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

கண் போன பிறகு உன் அப்பா தனியாகப் போகிற ஒரே இடம் அந்தப் பூங்காதான். ஸ்ரீராம்புரத்தில் நம் சந்திலிருந்து வெளியே வந்தால் சில்வெஸ்டர் வாணலியில் கரண்டி தட்டுவது கேட்கும், அதைத் தாண்டி நரேஷ் மெஷினில் சலங்கை ஆடுகிற பக்கம் திரும்பினால் பூங்கா வாசல். நான் கையைப் பிடிக்கப் போனால் எரிந்து விழுவார். போன வாரம் உன் மாமனார் வந்து, சத்தம் அளக்கிற மெஷின் வருது, முள்ளு ஏறினா தள்ளுவண்டி எல்லாத்தையும் தூக்கிடுவாங்க, அது போற வரைக்கும் யாரும் மூச்சு விடாதீங்க என்றார். எல்லோரும் நம்பினோம். முன்பு டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனவர்கள் பின்னாடி இடிக்கிற வண்டி வந்தது நம் சந்துக்குத் தெரியாதா. நரேஷ் சலங்கையில் துணி சுற்றினான், சில்வெஸ்டர் அடுப்பை அணைத்தார், உன் கல்யாணத்தில் என் வளையலைக் கவரிங் என்று சொன்ன லட்சுமம்மா வாய்கூட அன்று மூடியிருந்தது. இன்னிக்கு வராதீங்க என்று உன் அப்பாவிடம் சொல்லியிருந்தேன், சரி என்றார், அவர் சரி என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

மூணு கால் ஸ்டாண்டின் மேல் பஞ்சுக் குல்லா போட்ட சின்ன மெஷின். அந்தப் பெண் என்னைப் பூங்கா பெஞ்சில் உட்கார வைத்து, இங்க என்னென்ன சத்தம் கேக்குது, எது புடிக்கும், எது தொந்தரவு என்று கேட்டாள். உன்னை அனுப்புனது யாரு என்று நான் கேட்டேன். காலேஜ்லருந்து வர்றோம் அஜ்ஜி, சத்தத்த நிறுத்த வரல, எந்தச் சத்தம் இருந்தா உங்களுக்கு இங்க உக்கார நல்லா இருக்கும்னு தெரிஞ்சுக்கத்தான் என்று பாட்டி முறை வைத்துச் சொன்னாள். இதைக் கேட்கவா ஒருத்தி வெயிலில் நிற்பாள், நான் இன்னும் நம்பவில்லை. உன் மாமனார் மட்டும் முன்னால் வந்து, இந்த இடம் எப்பவும் இப்படித்தாம்மா, சாந்தமா இருக்கும் என்றார்.

அப்போதுதான் உன் அப்பா சந்திலிருந்து வந்தார். கரண்டி இல்லை, சலங்கை இல்லை. நடுரோட்டில் நின்று முகத்தை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பி, நரேஷு, இன்னிக்கு கடை போடலியாப்பா என்று கேட்டார். நரேஷ் வாயைத் திறந்தான். உன் மாமனார் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அவன் மூடிக்கொண்டான். நான் எழுந்து கத்துவதற்குள் ஸ்கூட்டர் இடித்துவிட்டது.

காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள், நடப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் அப்பாதான், பக்கத்துல இருந்துக்கிட்டே வாய மூடிக்கிறாங்க, இனி எந்தச் சத்தத்த நம்பிக் கால வைக்கிறது என்கிறார். உன் மாமனார் ஆப்பிள் வாங்கி வந்தார், நான் தொடவில்லை. வெளியே போய், கேட்டதுக்குப் பதில் சொல்லாம ஆள இடிக்க விட்டான் என்று நரேஷ் தலையில் பழியைப் போடுகிறார், வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார். உனக்கும் அப்படித்தான் போனில் சொல்லியிருப்பார். விரலை நான் பார்த்தேன். லட்சுமம்மாவைக் கேட்டால், நான் பூ கட்டிட்டிருந்தேங்க்கா என்கிறாள், பூவைக் கைதானே கட்டுகிறது. நரேஷ் வெட்கத்தில் விவேக் நகர் பக்கம் போகிறேன் என்கிறான், அவன் போனால் சலங்கையும் போகும், உன் அப்பா வீட்டுக்குள்ளேயே கிடப்பார். அதனால் நீ உன் மாமனாரிடம் பேசு, உன் அப்பா முன்னாலும் நரேஷ் முன்னாலும் வந்து, நான்தான் விரல் காட்டினேன் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும்.

பிள்ளையை ஏசிக் காற்று முகத்தில் அடிக்காமல் படுக்க வை. கவர் ஒட்டியது ஒட்டியபடி வந்ததா என்று பார்த்து எனக்குச் சொல். நீயும் உன் வீடும் நிறைந்து இருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம், அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. நரேஷ்மேல் இருந்த கோபமும் ஆறிவிட்டது, பயந்தவன். உன் மாமனார் அந்த ஒரு வார்த்தை சொன்னால் உன் அப்பா மறுபடி ரோட்டில் இறங்குவார், அதற்குத்தான் கேட்கிறேன், என் மனசு மாறும் என்று நினைக்காதே. சம்பந்தி என்று இனி என் வாயில் வராது, சாகும்வரை நான் மன்னிக்கப் போவதில்லை அந்தச் சுந்தரமூர்த்தியை.

உன் அம்மா,
சின்னத்தாயி