புதுச் செயின், பழைய பல்

மார்ச் 4, செவ்வாய்

அச்சகத்துக்குப் போகும் ஏற்றத்தில் சைக்கிள் செயின் நழுவியது. எழுந்து நின்று அழுத்தி மிதித்தேன். 'கடக்' என்றது. கால் வெறுமையில் இறங்க, முழங்கால் கைப்பிடியில் மோத, நான் சாலையில். சலவைக் கடைக்காரர் ஓடிவந்து, "பாத்து பெரியம்மா, வயசு காலத்துல" என்றார். உடன்பிறப்பே இல்லாத நான் யாருக்குப் பெரியம்மா?

வீங்கிய முழங்காலுக்கு மகள் மருந்து தடவினாள். மாப்பிள்ளை செய்தித்தாளை இறக்காமலே தீர்ப்புச் சொன்னார்: "போதும் அத்தை. அந்த வண்டிய எடைக்குப் போட்டுடலாம். நான் கார்ல கொண்டுபோய் விடறேன். இந்த வயசுல புரூஃப் பார்த்து என்ன ஆகப்போகுது, அதையும் யோசிங்க."

அவருடைய கார். அவர் "அஞ்சே நிமிஷம்" என்றால் நான் செருப்போடு கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், பார்சல் மாதிரி. பிறகு வேலைக்கே போக வேண்டாம் என்பார்.

வீடு என்னுடையது. அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லாமல் இருப்பதற்குப் பெயர்தான் வளர்ப்பு.

மார்ச் 5

சைக்கிள் கடையில் புதுச் செயின் போட்டாயிற்று. பழையது இழுபட்டு நீண்டுவிட்டதாம். நியாயமாகப் பட்டது. சமதரையில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

"இன்னொரு தடவை நழுவட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றார் மாப்பிள்ளை.

"நழுவினா நானே எடைக்குப் போடறேன், மாப்பிள்ளை" என்றேன்.

இந்த நாக்கை என்ன செய்வது?

மார்ச் 6

நழுவியது. புதுச் செயின், முன்னைவிட மோசம். இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். வீட்டில் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

மார்ச் 7

சலவைக் கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன அத்தை, வண்டிய வாக்கிங் கூட்டிட்டுப் போனீங்களாம்?"

என் மகளுக்குச் சிரிப்பை அடக்கியதில் புரையேறியது. என் வயிற்றில் பிறந்தவள். எடைக்குப் போடுவதைத் திங்கட்கிழமை வரை பொறுக்கச் சொல்லிக் கேட்டேன். நான் — மாப்பிள்ளையிடம் — கேட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

கூடத்தில் பழைய பேப்பர் விரித்துச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, புரூஃப் பார்க்கும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். முன்னால் உள்ள பல்சக்கரத்தில் பிழையில்லை. பின்னால் உள்ள சின்னது, கடைக்காரர் ஃப்ரீவீல் என்பது, பல்லெல்லாம் தேய்ந்து கொக்கிபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. பழைய செயின் அதோடு சேர்ந்து தேய்ந்ததால் ஓரளவுக்காவது உட்கார்ந்தது. புதியது உட்காரவே இல்லை. அழுத்தி மிதித்தால் பல்மேல் ஏறித் தாவுகிறது.

அதற்குள் ஏன் தேய்ந்தது? ஞாயிறு தவறாமல் நானே சுத்தம் செய்கிறேனே. கான்வென்டில் பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கிகளை முகம் தெரியத் தேய்க்க வைத்த அதே மாதிரி பாலிஷ் பவுடர் போட்டு, பளபளவென்று, அதன்மேல் எண்ணெய்—

மாப்பிள்ளை குனிந்து பல்லைத் தொட்டு, விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். "நறநறங்குது. இது எண்ணெய் இல்ல அத்தை, அரம். வாராவாரம் நீங்களே ராவி எடுத்துட்டீங்க."

அவர் சொன்னது சரி. இந்த வரியைப் பென்சிலால் எழுதியிருக்கலாம்.

மார்ச் 10

புது ஃப்ரீவீல். "அன்னிக்கே கேட்டிருந்தா மாத்தியிருப்பேனே" என்கிறார் கடைக்காரர். "பல் டாக்டர் வாயத் திறந்து பாக்காம பல்லு கட்டுவாரா?" என்றேன். பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மாலையில் மாப்பிள்ளை கண்ணால் பார்த்துத்தான் நம்புவாராம். ஏற்றத்தில் பின்னாலேயே நடந்துவந்தார். எழுந்து நின்று, இருந்த பலத்தையெல்லாம் போட்டு மிதித்தேன். தொடை எரிந்தது, மூச்சு இரைத்தது. செயின் மட்டும் நழுவவில்லை. மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். பாதி ஏற்றத்தில் விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முகம் வெளுத்திருந்தது.

உருட்டிக்கொண்டு இறங்கிவந்தேன்.

"அத்தை... தண்ணி இருக்கா?"

கொடுத்தேன். எத்தனையோ சொல்லியிருக்கலாம். பாட்டிலை மட்டும் கொடுத்தேன்.

மார்ச் 14

எனக்கும் அவருக்கும் பேச்சில்லை. எடைக்குப் போடுகிற பேச்சும் இல்லை. வீடு நன்றாக இருக்கிறது.

மார்ச் 19

சைக்கிள் சீட் இரண்டு விரற்கடை உயர்ந்திருக்கிறது. எனக்குக் கால் எட்டவில்லை. இறக்கினேன்.

மார்ச் 20

மறுபடியும் உயரத்தில். விடியும் முன்பே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. என் கற்பனை இல்லை. மகளைக் கேட்டால், "எனக்கெதுக்கும்மா உங்க ரெண்டு பேர் வம்பு" என்கிறாள். சீட் நட்டின் முனைகள் மழுங்கியிருக்கின்றன. குறடால் திருகியிருக்கிறார். படித்த மனிதர், நட்டைக் குறடால் தொடுவாரா?

மார்ச் 23, ஞாயிறு

செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் மட்டும் விட்டேன். பளபளப்பு இல்லை. சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் அலமாரியில் பூட்டி வைத்திருந்த ஸ்பேனரை எடுத்து, சைக்கிள் நிற்கும் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். அவர் கைக்கு எட்டும் உயரத்தில்.

நட்டைக் காப்பாற்ற வேண்டாமா?