கார் செய்யும் கறுப்புத் துணி

அன்புள்ள தனுஷன் அண்ணாவுக்கு,

உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இந்த இரண்டாவது தாளை யாருக்கும் காட்டாதீர்கள். இதில் இருப்பதை நீங்கள் வாயால் சொல்லத்தான் வேண்டியிருக்கும், ஆனால் என் எழுத்தை யாரும் பார்க்க வேண்டாம். முதல் தாள் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. இங்கே எல்லோரும் நல்ல சுகம், உன் சுகத்துக்கு முனியாண்டி காவல் என்று அதில் இருக்கும். அம்மா சுகமாக இல்லை அண்ணா. போன ஞாயிறு நீங்கள் யாருடைய போனிலிருந்தோ பேசியதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. கந்தப்பளையில் பத்து நாளாக மழை, நீங்கள் படுக்கும் பக்கம் கூரை ஒழுகுகிறது, நனைந்த படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போய்வருகிறார். இப்போது தூங்கிவிட்டார். அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, குசினிக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

உங்கள் கம்பெனி இன்னும் யாருக்கும் காட்டாத காரின் படத்தை வெளியே விட்டது உங்களோடு ஒரே அறையில் இருக்கும் நிரஞ்சன் அண்ணன் இல்லை. நான்தான். பாடசாலையில் விஞ்ஞான தினத்துக்கு, ரேஸ் கார் நுட்பத்தை ரோட்டில் ஓடும் காருக்குக் கொண்டுவருவது பற்றிப் பேசினேன். நீங்கள் எழுதியிருந்ததையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். ரேஸ் காரை நாலு பேர் நின்று சூடேற்றினால்தான் கிளம்பும், ஆனால் ரோட்டுக் கார் பால் வாங்கப் போகிறவன் சாவியைத் திருப்பினதும் கிளம்ப வேண்டும், அதற்குத்தான் இத்தனை வருடப் பாடு என்று சொன்னபோது டீச்சர்கூடச் சிரித்து ரசித்தார். பிறகு, என் அண்ணன் அந்தக் காரின் உடம்புக்குக் கறுப்புத் துணி ஒட்டுகிறார், அச்சுக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காற்றுக் குமிழி இல்லாமல் கையால் நீவி, பெரிய அடுப்பில் வைத்துச் சுட்டால் அது இரும்பைவிட உறுதியாகிவிடும் என்றேன். பின்வரிசையிலிருந்து கேஷிகா, பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கிறார்களே, அவர்கள் வீட்டுப் பெண், எழுந்து நின்று, "துணின்னா எங்க கடையிலயே இருக்கே, எத்தன மீட்டர் வேணும்? ஒங்கண்ணன் டெயிலர்னு சொல்லேன்டி!" என்றாள். வகுப்பே சிரித்தது. இன்னொருத்தி, "ஒங்கம்மா இடுப்புல கட்டுற படங்குலதான் காரு செய்யிறாங்களாக்கும்" என்றாள்.

அண்ணா, அந்த நேரம் எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. உங்கள் வேலை மேல்தான் வெட்கம் வந்தது. அம்மாவின் படங்கு மேலும். என் அண்ணன் எஞ்சினியர், நாளைக்குப் பார் என்று பொய் சொல்லிவிட்டு, அடுத்த நாள் அம்மாவின் போனைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு போனேன். "ஒன் வேலய ஒரு தடவ கண்ணால பார்த்தா போதும் மகன்" என்று அம்மா கேட்டதற்காக, போன் கெமராவில் படம் எடுக்க முடியாதபடி கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கரைக் கழற்றி நீங்கள் எடுத்து அனுப்பினீர்களே, அந்தக் கறுப்பு உடம்புக்குப் பக்கத்தில் கையுறையோடு நிற்கிற படம், அதைக் காட்டினேன். கேஷிகா போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "எங்கப்பாகிட்ட காட்டிட்டு அழிச்சிர்றேன்டி, சத்தியமா" என்று தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். நான் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன். நாலாம் நாள் கார்ப் பைத்தியங்கள் கூடும் ஏதோ ஓர் இணையப் பக்கத்தில் அந்தப் படம் இருந்தது. உங்கள் முகத்தை வெட்டிவிட்டு, காரை மட்டும் போட்டிருந்தார்கள்.

உங்கள் போனைக் கம்பெனி வாங்கி வைத்திருக்கிறது, அந்தப் போனைத் தொட அறையில் நிரஞ்சனைத் தவிர வேறு யாரும் இல்லை, பத்தாம் தேதி இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறார்கள் என்று நீங்கள் சொன்னபோது நான் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு அம்மா, நிரஞ்சன் அண்ணனின் அம்மா ராசம்மா பெரியம்மாவோடு பேசுவதில்லை. ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்து எடுக்கிறார்கள், பேசுவதில்லை. முந்தாநாள் பெரியம்மா பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது என்னை நிறுத்தி, "ஏம் பாப்பா, ஒங்கம்மா என்னயக் கண்டா மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போவுது? எம்மவன் என்னத்தப் பண்ணிப்புட்டான்?" என்று கேட்டார். தெரியாது பெரியம்மா என்றேன். அவர்தான் என் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டார்.

முதல் தாளில் அம்மா, அந்தப் பயல் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதே என்று சொல்லியிருக்கிறார். அதை எழுதியது என் கைதான். நாளை வெள்ளிக்கிழமை. முனியாண்டி கோயிலில் தேங்காய் உடைத்துச் சாபம் விடப் போகிறார். "எம்மவன் சோத்துல மண்ணள்ளிப் போட்ட கை வெளங்காமப் போகணும்னு கேக்கப்போறேன், நீதாண்டி தேங்காய எடுத்துக் குடுக்கணும்" என்கிறார். சாபத்துக்குப் பயந்து இதை எழுதவில்லை அண்ணா. தேங்காயை நீட்டும்போது அம்மா என் முகத்தைப் பார்ப்பாரே, அதற்குப் பயந்துதான்.

பத்தாம் தேதிக்குள் இது வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நிரஞ்சன் அண்ணன் இல்லை, என் தங்கை ஜீவராணி என்று அவர்களிடம் சொல்லுங்கள். ஸ்டிக்கரைக் கழற்றியது நீங்கள் என்பதும் தெரிந்துவிடும், உங்கள் வேலை போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லுங்கள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போகச் சொன்னார் அம்மா, அதை முதல் தாளில் எழுத மறந்துவிட்டேன். வழக்கம்போல நாளைக் காலையில் முதல் தாளை வாசித்துக் காட்டி, அம்மா கடித உறைக்குள் திருநீறு வைத்தபிறகு, ஒட்டும் நேரத்தில் இதையும் சேர்த்து

கதவைத் தட்டுகிறார் அம்மா. தூங்கவே இல்லை போலிருக்கிறது. "ராணி, இன்னுமா எழுதுற? தெற. இப்பவே வாசிச்சுக் காட்டு, கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்கிறார். இரண்டு தாளும் என் கையில் இருக்கின்றன. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, நான் எதை வாசித்தாலும் நம்புவார். அண்ணா, நான்